அந்தக் கிட்டார் ஒலிக்கட்டும்: அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 அக்டோபர் 17 அன்று லண்டனில், பான்ஹாம்ஸ் ஏல மாளிகையில், அயர்லாந்தின் ராக், ப்ளூஸ் கலைஞர் ரோரி கலஹரின் 1961-ஆம் வருடத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார் ஏலத்துக்கு வந்தது. ஏலக் கட்டணமும் சேர்த்து 8,89,400 பவுண்டுக்குப் போனது. அது யாரோ ஒரு சேகரிப்பாளரின் இரும்புப் பெட்டிக்குள் போய் அடைந்துவிடுமோ என்று பயந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. வாங்கிய லைவ் நேஷன் கெய்ட்டி நிறுவனம், டப்ளினில் காலின்ஸ் பாரக்ஸில் இருக்கும் உங்கள் அருங்காட்சியகத்துக்கே அதை நன்கொடையாகத் தருவதாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஏலத்துக்கு முன்பே, ரோரி வளர்ந்த கார்க் நகரத்து மக்கள் அதை நாட்டிலேயே வைத்துக்கொள்ள நிதி திரட்டியதும், அரசே வாங்க வேண்டும் என்று குரல்கள் எழுந்ததும் நினைவிருக்கிறது. அவர்களுடைய ஆசையில் பெரும் பங்கு நிறைவேறியிருக்கிறது.

மீதிப் பங்குக்காகத்தான் இந்த மடல். அந்தக் கிட்டார் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆம்ப்ளிஃபையரில் இணைக்கப்பட்டு, மக்கள் முன்னால் வாசிக்கப்பட வேண்டும். ஏதோ ஒரு சிறப்பு நாளில் பெயர்பெற்ற ஒருவர் கையில் கொடுத்து வாங்குவதைச் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தின் விதியாகவே எழுதிவைக்கப்பட்டு, இயக்குநர்கள் மாறினாலும் மாறாத ஒரு ஏற்பாட்டைக் கேட்கிறேன்.

நான் அயர்லாந்துக்காரன் அல்ல. ரோரியின் பதிவுகளைக் கேட்டு வளர்ந்த, கொஞ்சம் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரு தமிழ் வாசகன். தமிழில் எழுதக் காரணம், ரோரியை இன்னும் கேட்டிராத எங்கள் ஆட்களும் இதைப் படிக்கட்டும் என்பதுதான். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோரி 1948 மார்ச் 2-ஆம் தேதி டானிகால் மாவட்டத்தின் பாலிஷானனில் பிறந்தார். வளர்ந்தது கார்க் நகரத்தில். 1963-இல், பதினைந்து வயதில், கார்க்கில் க்ரௌலி இசைக் கருவிக் கடையில் இந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்தார். விலை 100 பவுண்டு. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் கனவிலும் புரட்ட முடியாத பணம், தவணையில் வாங்கினார். ராயல் ஷோபேண்ட் என்ற புகழ்பெற்ற குழுவின் கிட்டார்காரர் சிவப்பு நிறத்தில் ஒன்றை வரவழைக்கக் கேட்டிருந்தார். வந்ததோ நடுவில் வெளிறி ஓரம் கறுத்த சன்பர்ஸ்ட் வண்ணத்தில். பிறகு சிவப்பு வந்து சேர்ந்ததும் இதைக் கடையில் கொடுத்துவிட்டார். அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இதுதான் என்பார்கள். அம்மாவைச் சம்மதிக்க வைக்க ரோரி சொன்ன காரணத்தை அவருடைய தம்பி டோனல் சொல்லியிருக்கிறார்: இது இருந்தால் ரிதம் (பின்னணி), லீட் (முன்னணி) இரண்டையும் நானே வாசித்துவிடலாம், இன்னொரு கிட்டார்காரர் தேவையில்லை. வீட்டில் சொன்ன அந்தச் சமாதானம் பின்னாளில் அப்படியே உண்மையாகிப்போனது. ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், நடுவில் இவர். மூன்றே பேரை வைத்துக்கொண்டு ஒரு பெரிய அரங்கத்தை நிரப்பிய ஆள்.

அந்தக் காலத்தில் அயர்லாந்தில் இசையை வைத்துப் பிழைக்க நினைத்தவருக்கு ஷோபேண்டை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு, நடன அரங்கு, அந்த வாரத்து வெற்றிப் பாடல்களின் நகல். ரோரியும் ஃபொன்டானா என்ற குழுவில் அப்படித்தான் தொடங்கினார். 1966-இல் டேஸ்ட் என்ற தன் குழுவை அமைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் மெக்ராக்கனும் ஜான் வில்சனும் சேர்ந்த பிறகு டேஸ்ட் லண்டனில் பேசப்படும் பெயரானது. க்ரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1968 நவம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்ற இரவில் முன்னால் வாசித்தவர்களில் இவர்களும் உண்டு. 1970-இல் ஐல் ஆஃப் வைட் விழாவில் வாசித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் குழு உடைந்துவிட்டது. அடுத்த ஆண்டே தன் சொந்தப் பெயரில் இரண்டு ஆல்பங்கள். அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாத பயணம்.

இந்தப் பயணத்தில் கிட்டாருக்கு என்ன ஆனது என்பதை உங்கள் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஒருமுறை டப்ளினில் திருடு போய், மழையில் நனைந்து கிடந்து, திரும்பக் கிடைத்தது. இரவுக்கிரவு அவர் வியர்வை பட்டுப்பட்டு, நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஏறக்குறைய முழுதும் உதிர்ந்து வெறும் மரம் வெளியே வந்தது. கிட்டாரின் கழுத்து அவ்வளவு ஈரம் குடித்ததால் கழற்றி ஓய்வு கொடுத்து, அதுவரை வேறு கழுத்தை வைத்து வாசித்து, பிறகு பழையதையே மீண்டும் மாட்டினார். தந்திகளை முறுக்கும் ஆறு முடுக்கிகளில் ஒன்று மற்ற ஐந்தோடு சேராதது. கழுத்தின் குறுக்கே பதிந்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்று பிற்பாடு வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக். ஃப்ரெட்டுகள் தேயத் தேய எத்தனையோ முறை மாற்றப்பட்டன.

இந்தப் பட்டியலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பழம்பொருளை வந்த நிலையிலேயே காப்பது உங்கள் கடமை. ஆனால் இந்தப் பொருளின் 'வந்த நிலை' எது? 1961-இல் கலிபோர்னியாவின் ஃபெண்டர் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நிலை என்றோ போய்விட்டது. அதை யாரும் தேடவும் இல்லை. மக்கள் பார்க்க வருவது அந்தத் தேய்மானத்தை. ஃபெண்டர் நிறுவனமே இதன் நகலைச் செய்து விற்றபோது, உதிர்ந்த பூச்சையும் பொருந்தாத முடுக்கியையும் கூடப் பார்த்துப் பார்த்துச் செய்தது. இந்தக் கிட்டாரின் மதிப்பு முழுக்க வாசிக்கப்பட்டதால் வந்தது. அதை வாசிக்காமல் வைத்திருப்பது, அதற்கு மதிப்பைத் தந்த ஒரே செயலை நிறுத்திவிடுவது.

ரோரி எப்படிப்பட்ட கலைஞர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் ஸ்டுடியோவில் பிறந்த நட்சத்திரம் அல்ல. தனிப்பாடலாக இசைத்தட்டு வெளியிட மறுத்தார். வானொலிக்காகப் பாட்டை வெட்டிச் சுருக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் தனிப்பாடல் தரவரிசைப் பட்டியல்களில் அவர் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1975 ஜனவரியில், கிட்டார்காரர் மிக் டெய்லர் விலகிய இடத்துக்கு ஆள் தேடிய ரோலிங் ஸ்டோன்ஸ், நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு அவரை அழைத்து வாசிக்க வைத்தார்கள். சில இரவுகள் வாசித்தார். ஜப்பானில் தன் கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன, கிளம்பிப் போய்விட்டார். உலகின் மிகப் பெரிய ராக் குழுவில் ஓரிடம் காத்திருக்கும்போது, சீட்டு வாங்கிவிட்ட ரசிகர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கிளம்பியவர் அவர். 1978-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முழுதாகப் பதிவு செய்து முடித்த ஓர் ஆல்பத்தை, மனதுக்கு ஒப்பவில்லை என்று அப்படியே ஒதுக்கினார். அது வெளிவந்தது அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 2011-இல். இப்படிப்பட்டவரின் சிறந்த பதிவுகள் மேடையிலேயே பிறந்ததில் வியப்பில்லை. 1972-இன் 'லைவ் இன் யூரோப்', 1974-இன் 'ஐரிஷ் டூர்', 1977 ஜூலையில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரிலிருந்து இரவெல்லாம் ஐரோப்பாவுக்கு ஒளிபரப்பான ராக்பலாஸ்ட் கச்சேரி. எங்களைப் போலத் தொலைவில் இருப்பவர்கள் அவரை அறிந்துகொண்டது இவை வழியாகத்தான்.

'ஐரிஷ் டூர்' பதிவான சூழலைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரிட்டனின் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்தில், கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சமூகங்களின் மோதலில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வெளிநாட்டுக் குழுக்கள் பெல்ஃபாஸ்ட் என்றாலே பயணத்தை ரத்துசெய்தார்கள். ரோரி ஒவ்வோர் ஆண்டும் போனார். அல்ஸ்டர் ஹாலில், தெருவில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் நின்று கேட்டார்கள். அந்தப் பயணங்களின் ஆபத்து கற்பனை அல்ல: 1975 ஜூலையில், கச்சேரி முடித்து டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டின் மூன்று இசைக்கலைஞர்கள் வழியில் நிறுத்திக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் ரோரி பெல்ஃபாஸ்ட் போவதை விடவில்லை. மேடையில் அரசியல் பேசுபவர் அல்ல அவர். கட்டம்போட்ட சட்டையோடு வருவார், இந்தக் கிட்டாரை மாட்டுவார், வாசிப்பார். 2025 ஜனவரியில் அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கையில் இதே ஸ்ட்ராட்டோகாஸ்டர். பாலிஷானனில் ஒரு சிலை, கார்க்கில் அவர் பெயரில் ஒரு சதுக்கம், டப்ளின் டெம்பிள் பார் பகுதியில் அவர் பெயரில் ஒரு மூலை. அயர்லாந்து அவரை மறக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்ப்பதற்கு எல்லாம் இருக்கிறது. கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

உங்கள் வல்லுநர்களின் மறுப்பு என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அது அற்பமான மறுப்பும் அல்ல. ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் ஃப்ரெட் சிறிதாவது தேயும். வெறும் மரம் கை ஈரத்தைக் குடிக்கும். தந்தி இழுவை கழுத்தை வளைக்கும். இன்னும் முக்கியமாக, அந்தத் தேய்மானத்தின் ஒவ்வொரு தழும்பும் ரோரியின் கைபட்டது. இன்னொருவர் கை அதன்மேல் பட்டால் அந்தச் சாட்சியம் கலங்கிவிடாதா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். என் பதில் இது. உடலின் மேல்பகுதியில், முன்னங்கை படும் இடத்தில் ஒரு மெல்லிய பாதுகாப்புத் துணி போதும். உடலின் மரத்தைத் தொடவே வேண்டாம். கை பட்டே ஆக வேண்டியவை தந்தியும் ஃப்ரெட்டும் கழுத்தின் பின்புறமும் மட்டுமே. தந்தியும் ஃப்ரெட்டும் ரோரி இருந்தபோதே மாற்றிக்கொண்டிருந்த பாகங்கள்.

இது வயலினும் அல்ல என்பதைக் கவனியுங்கள். லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ பழுதுபார்ப்பவர். 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தபோது, எந்தப் பாகம் பழுதானாலும் திருகைக் கழற்றி மாற்றிக்கொள்ளும்படி அமைத்தார். கழுத்தே உடலோடு ஒட்டப்படவில்லை, நான்கு திருகுகளில் நிற்கிறது. அதிரும் மெல்லிய மரப்பலகை எதுவும் இதில் இல்லை. உடல் முழுக்கத் திண்ணிய மரம். தந்தியின் அசைவைக் காந்தச் சுருள்கள் மின்னாக்குகின்றன, அவ்வளவுதான். நானூறு ஆண்டுப் பழைய வயலினைவிட இது எவ்வளவோ உரம்கூடிய கருவி. அதே நேரம், மின்கருவி தொடாமல் கிடந்தால் சும்மா இருந்துவிடாது. வால்யூம் திருகியின் உட்புறம் களிம்பேறிக் கரகரக்கும், சுவிட்சின் தொடுமுனைகள் மங்கும். கிட்டார் வைத்திருக்கும் யாரும் இதை அறிவார்கள்.

இதைவிட மிக நொய்ந்த கருவிகளை வைத்திருக்கும் இடங்களே வழிகாட்டியிருக்கின்றன. இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் வயலின் மேதை பகனீனி விட்டுச்சென்ற வயலின் இருக்கிறது. குவார்னேரி என்ற கைவினைஞர் 1743-இல் செய்தது, 'பீரங்கி' என்று பட்டப்பெயர் பெற்றது. பகனீனி போட்டியில் முதல் பரிசு பெறும் இளம் கலைஞர் அதை வாசிக்கும் பேற்றைப் பெறுகிறார். 2001-இல் ரெஜினா கார்ட்டர் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் கையில் அதைக் கொடுத்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது, வயலினுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகு அவர் அதிலேயே ஓர் ஆல்பமும் பதிந்தார். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்கு 1930-களில் பழைய இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் கருவிகளைக் கொடுத்த கெர்ட்ரூட் விட்டல் அம்மையார், அவை வாசிக்கப்பட வேண்டும் என்று விரும்பியே கொடுத்தார். புடாபெஸ்ட் நால்வர் குழு ஆண்டுக்கணக்கில் அவற்றில் கச்சேரி செய்தது. இத்தாலியின் க்ரெமோனா நகரத்து வயலின் அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 தொடக்கத்தில், தன் பழம்பெரும் கருவிகளின் ஒவ்வொரு சுரத்தையும் பதிவுசெய்து வைக்க ஐந்து வாரம் போல ஒதுக்கியது. அந்த நாட்களில் சுற்றுத் தெருக்களில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. நகர மேயரே மக்களைச் சத்தம் போடாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஒரு நகரமே வாயை மூடி ஒரு கருவியைப் பேசவிட்டது. அங்கே முடிந்தது, நடன அரங்குகளின் நாடான அயர்லாந்தில் முடியாதா?

உங்கள் சேகரிப்பிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆஃபலி மாவட்டத்தின் டவுரிஸில் கிடைத்த வெண்கலக் கொம்புகள் சுமார் 2,700 ஆண்டுப் பழமையானவை. அவற்றை ஊதியவர்கள் எந்த முறையில் ஊதினார்கள், என்ன வாசித்தார்கள் என்பது தொடர்ச்சி அறுந்து போனதால், நகல்கள் செய்து ஊதி ஊதிப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. ரோரியின் கிட்டார் விஷயத்தில் அந்தத் தொடர்ச்சி இன்னும் அறுபடவில்லை. அவரோடு இருபது ஆண்டு பேஸ் வாசித்த ஜெரி மெக்கவாய் எத்தனையோ செய்திகளைச் சொல்லியிருக்கிறார். ரோரி பயன்படுத்திய வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையரும், மேல் சுரங்களைக் கூர்மையாக்கும் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டரும் எப்படி இணைக்கப்பட்டன என்பது தெரிந்த விஷயம். அந்த இணைப்பைத் தெரிந்துகொண்ட ஒரு பையனின் கதையும் உலகறிந்தது: லண்டன் மார்க்கீ அரங்கில் கச்சேரி முடிந்ததும் இளம் பிரையன் மே போய், இந்த நாதம் எப்படி வருகிறது என்று கேட்டார். ரோரி எதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். குயின் குழுவின் கிட்டார் நாதம் அங்கிருந்து தொடங்கியது என்று மே தானே சொல்லியிருக்கிறார். கேட்கும் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரின் கருவி இது. அதனால்தான் அதை வாசிக்கும் உரிமை இளையவர்களுக்கு என்று கேட்கிறேன். ஆண்டுதோறும் தீவின் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் இரண்டு மூன்று இளம் கலைஞர்கள், சொந்தமாகப் பாட்டு எழுதுபவர்களாக, தேர்ந்தெடுக்கப்படட்டும். பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டு மணி நேரம் போதும். முழுதும் பதிவுசெய்து, பதிவை எல்லோரும் கேட்கும்படி வையுங்கள்.

சொந்தப் பாட்டு என்று சொன்னதற்குக் காரணம், ரோரியின் புகழில் கிட்டார் முந்திக்கொண்டு பாடலாசிரியரை மறைத்துவிட்டது என்ற நெடுநாள் ஆதங்கம். 1973-இன் 'டாட்டூ' ஆல்பத்தில் திருவிழாக் கூடாரங்களோடு ஊர் ஊராகப் போகும் மனிதர்களைப் பற்றி ஒரு பாட்டு, துறைமுக மதுக்கடையில் கூட்டத்துக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருப்பவன் மனதைப் பற்றி ஒரு பாட்டு. இரண்டிலும் அவரே இருக்கிறார். 1979-இல் உளவாளி கிம் ஃபில்பியைப் பற்றி எழுதினார். எங்கும் அந்நியனாக, விடுதி மாறி விடுதி வாழும் ஒரு பயண இசைக்காரனுக்கு ஓர் உளவாளியின் தனிமை நன்றாகவே புரிந்திருக்கும். 1987-இல் துப்பறியும் கதை எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டின் பெயரில்லாத் துப்பறிவாளன் பாட்டானான். கார்க்கின் ஃபோர்டு தொழிற்சாலை, மாண்டலினோடு அவர் பாடும் சொந்த ஊர்ப் பாட்டில் வருகிறது. அமெரிக்க ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் 1971-இல் லண்டனுக்கு வந்து பதிவுசெய்தபோது ரோரியைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தது கிட்டாருக்காக; ஆனால் அமெரிக்க ப்ளூஸைக் கரைத்துக் குடித்த ஒருவர், அதன் மொழியில் தன் ஊரையும் தன் தனிமையையும் எழுத முடிந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. காட்சிப்பெட்டிக்கு அருகில் வைக்கும் விளக்கப் பலகையில் ஏலத் தொகைக்கு ஒரு வரி போதும். பாடல்களுக்கு இடம் கொடுங்கள். அவை ஒலிக்கும் ஹெட்ஃபோன் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசி ஆண்டுகளைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. உடல் தளர்ந்தது, கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு தொற்று ஏற்பட்டு 1995 ஜூன் 14 அன்று லண்டனில் இறந்தார். வயது 47. அந்த ஆண்டு ஜனவரி வரைக்கும் மேடையில்தான் இருந்தார்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டின் மற்ற நாட்களில் கிட்டார் டப்ளினில் இருப்பது சரி. தேசத்தின் சொத்து தலைநகரில் இருக்கலாம். ஆனால் வாசிக்கும் நாளில் அது கார்க்குக்குப் போக வேண்டும். தவணை கட்டி வாங்கிய ஊர் அது. நிதி திரட்டி அதை மீட்க முயன்ற மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 'ஐரிஷ் டூர்' பதிவுகளில் பெரும்பகுதி எடுக்கப்பட்ட கார்க் சிட்டி ஹால் அங்கேயே இருக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலுக்கும், பாலிஷானனுக்கும் சுழற்சியாகப் போகலாம். எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்குக் காப்பீடு, அனுமதி எல்லாம் சிரமம் என்று தெரியும். அவர் அந்தச் சாலையில் போனபோது இருந்த சிரமத்தோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடியதே.

2028 மார்ச் 2 ரோரியின் எண்பதாவது பிறந்தநாள். முதல் கச்சேரியை அன்றைக்கு கார்க் சிட்டி ஹாலில் வைக்க, திட்டமிடவும் கருவியைச் சோதிக்கவும் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கவும் போதிய காலம் இருக்கிறது. உங்கள் ஆட்சிக்குழு இதை ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று முடிவானால், எந்தக் காரணத்தால் முடியாது என்பதைப் பொதுவில் எழுதுங்கள். கிட்டார் பராமரிப்பு தெரிந்தவர்களும், ரோரியைக் கேட்டவர்களும் அதற்குப் பதில் சொல்லக் காத்திருக்கிறோம். முடியும் என்றால், ஏசி30-ஐயும் ரேஞ்ச்மாஸ்டரையும் மறக்காமல் கூட எடுத்துப் போங்கள்.

அன்போடும் எதிர்பார்ப்போடும்,
ரோரி கலஹரின் தமிழ் ரசிகர்களில் ஒருவன்